பெல்ட்டைக் கழற்றிய பிறகும்

மத்தியானத் தொழுகை முடிந்து வந்தால், ஒரு பெரிய அமெரிக்க வண்டி என் பட்டறை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. இறங்கியவர் ரேணுகாம்பாள். அவர் வீட்டுக்காரர், பட்டுக்கடை வீரபாகு, போன மாதம்தான் குளத்தில் மூழ்கிச் செத்தார். இந்த அம்மாவின் கைமேல் தன் கையை வைத்து வண்டி ஓட்டப் பழக்கியவர் அவர்.

“ஸ்டியரிங் ரொம்ப லேசா இருக்குது பாய். தெருமுனைக்கு வந்தா இடப்பக்கம், குளத்துப் பக்கமே இழுக்குது. நேத்து கரை வரைக்கும் போயிட்டேன். வூட்ல கைக்கொழந்தை இருக்குது பாய்.”

“பயப்படாதீங்கம்மா. பவர் ஸ்டியரிங். பம்ப் தள்ளுற எண்ணெய்தான் திருப்புது. வால்வு கொஞ்சம் நகர்ந்தாலே தானா திரும்பும்.”

வால்வைத் தட்டி நடுவில் நிறுத்தினேன். இஞ்சினை ஓடவிட்டேன். ஸ்டியரிங் அசையவில்லை. என்னை நானே மெச்சிக்கொண்டு அந்த அம்மாவை உட்காரச் சொன்னேன்.

அவர் கை வைத்ததும் அது மெல்ல இடப்பக்கம் திரும்பியது.

“சனியன்!” இஞ்சினை நிறுத்தி, பம்பைச் சுழற்றும் பெல்ட்டையே கழற்றி எறிந்தேன். பம்ப் ஓடாவிட்டால் எண்ணெய் தள்ளாது. நிற்கிற வண்டியின் ஸ்டியரிங்கைத் திருப்பப் பயில்வான்தான் வர வேண்டும்.

“இப்பத் தொடுங்கம்மா. கல்லு மாதிரி இருக்கும்.”

ஒரு விரலால் தொட்டார்.

திரும்பியது. இடப்பக்கம்.

பட்டறைக்குள் பாசி வாடை அடித்தது.

“மெஷின் கோளாறுன்னு சொல்லுவீங்கன்னு நம்பிக்கினு வந்தேன் பாய்,” என்றார் மெதுவாக. “என் கைமேல அவர் கை வெச்சிக்கினு இருக்கார். ஜில்லுன்னு இருக்குது.”

 இனி இந்த வண்டியைத் தொடவே வேண்டாம் என்று சொல்லி, சைக்கிள் ரிக்‌ஷா பழனியைக் கூப்பிட்டு அந்த அம்மாவை ஏற்றிவிட்டேன்.

“வூட்ல வுட்டுட்டு வாப்பா. முனையில வலப்பக்கம்.”

ரிக்‌ஷா கிளம்பியதும் அப்பாடா என்றிருந்தது. வண்டியை ஓரங்கட்ட உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

அசையவில்லை.

இரண்டு கையாலும் தொங்கினேன். கல்லேதான். பெல்ட் இல்லாத வண்டி எப்படி இருக்க வேண்டுமோ, அப்படி. பாசி வாடையும் போயிருந்தது.

யா அல்லா! அது வண்டியோடு வந்தது என்றல்லவா நினைத்தேன்!

தெருவுக்கு ஓடினேன். முனையில் பழனி ஹேண்டில்பாரை வலப்பக்கம் இழுத்து இழுத்துக் கத்திக்கொண்டிருந்தான்.

“திரும்ப மாட்டேங்குதும்மா! குதிச்சிடுங்கம்மா!”

அவன் கால்கள் பெடலை விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தன. ரிக்‌ஷா நிற்காமல் குளத்துப் பக்கம் போனது.