மச்சான் பிடித்த கயிறு

ஹாமிது மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தான்.

நிமோனியாவில் படுத்தவன் மூச்சுக்குத் திணறுவான். இதென்ன கூத்து, வாயை இறுக மூடிக்கொண்டு கிடக்கிறானே என்று மூஸா நெய்னா பதறினான். தூத்துக்குடி ஆஸ்பத்திரியின் மத்தியான வெக்கையில் பினாயில் நெடியும் கடற்கரைக் கருவாட்டு வாடையும் கலந்து குமட்டின; மூக்கில் செருகிய ரப்பர் குழாய்க்கு ஆக்சிஜன் போகிற தண்ணீர்ப் புட்டி குமிழி விட்டுக் களகளத்தது; ஹாமிதின் உதடோ நாவல்பழ நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"மச்சானுக்குக் கடலுக்குள்ள கிடக்குற நெனப்புய்யா" என்றான் மூஸா, டாக்டரிடம்.

ஹாமிதைப் போல முத்துக்கு முங்குகிறவன் தன் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பான். தங்கச்சியை விதவையாக்க எந்த அண்ணன் கயிற்றை விடுவான்? மூஸா ஒரு கயிற்றை ஹாமிதின் மணிக்கட்டில் கட்டிச் சுண்டி இழுத்தான். மேலே வந்துவிட்டதாக நினைத்தானோ என்னவோ, ஹாமிது வாய் பிளந்து மூச்சு வாங்கினான்.

"இழுத்துக்கிட்டே இரும்" என்றார் டாக்டர் வன்னியபெருமாள். "சண்டைக்காலம், இருக்குறது இந்த ஒரு சிலிண்டர்தான். அடுத்தது சாயங்கால ரயில்ல வருது. அதுவரைக்கும் விட்டுராதேயும்."

இழுத்தான். காய்த்துப்போன கைதான், ஆனாலும் தோல் உரிந்தது. வாசலில் நின்ற தங்கை ருகையா ஒவ்வொரு மூச்சுக்கும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.

மூன்று மணிக்குச் சிலிண்டர் தீர்ந்தது. களகளப்பு நின்றது. மூஸா இழுத்தான், ஹாமிதின் நெஞ்சு ஏறியது. ஆனால் இழுக்க இழுக்கக் கயிறு கனத்தது. ஆறு பாகம், எட்டு பாகம், பத்து பாகம், அறுபதடி ஆழத்தில் கிடக்கிறவனின் கனம். இரண்டு முழக் கயிறுதானே இது, அல்லாஹ்வே!

டாக்டர் வந்து ஹாமிதின் கழுத்தில் விரல் வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார்.

"விட்டுரும் நெய்னா. உடம்பு சில்லிட்டுப் போச்சு. உசுரு போயி ஒரு மணி நேரமாவது இருக்கும்."

"இப்பத்தானய்யா மூச்சு விட்டாவ!"

"நீர் இழுக்கீரு, உடம்பு அசையுது. அவ்வளவுதான்."

மூஸா கயிற்றை விட்டான்.

"காக்கா! என்னத்துக்கு விட்டிய?" ருகையா அண்ணனைப் பார்த்து அலறினாள்.

டாக்டர் வெள்ளைத் துணியால் முகத்தை மூடிவிட்டு வெளியே போனார்.

கயிறு அசைந்தது.

ஒரு சுண்டு. இன்னொரு சுண்டு. கீழே இருக்கிறவன், மூச்சு முட்டுது, தூக்கு என்று சொல்கிற சுண்டு. தோணியில் பதினெட்டு வருஷமாக அதற்காகவே காத்திருந்த மூஸாவின் கை. தானாகவே எடுத்தது. இழுத்தது.

வாய் இருந்த இடத்தில் துணி உள்ளே குழிந்தது.

வாயை அடைத்துக்கொண்டு குழிந்தபடியே நின்றது.

கயிறு மறுபடி சுண்டியது. அவசரமாக.