கோணல் வகிடும் கோணல் பிளாஸ்திரியும்

வாண்டுவின் தலையில் வகிடு ஒருநாளும் கோணலாக இருந்ததில்லை. அவளுடைய அப்பா சலூன் கடைக்காரர். தினமும் பள்ளிக்கூடம் கிளம்புமுன் அவர்தான் தலைவாரிப் பின்னிவிடுவார். ஊரார் தலையையெல்லாம் ஒழுங்குபடுத்துகிறவர் பெற்ற மகள் தலையைச் சும்மா விடுவாரா?

அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு அந்த வேலை அம்மாவின் கைக்கு வந்தது. அம்மாவுக்குக் கணக்கு வரும், தையல் வரும், நேராக வகிடு எடுக்க மட்டும் வராது. வாண்டு குறை சொல்வதில்லை. ஆனால் கண்ணாடி முன் நிற்கும்போதெல்லாம் அப்பாவின் சீப்பு தலையில் படாதா என்று ஏங்குவாள்.

அப்பாவுக்கு இரத்தத்தில் நோய். பழைய இரத்த அணுக்களை மருந்தால் அழித்துவிட்டு, புது இரத்தம் ஊறுவதற்காக ஸ்டெம் செல்களை உடம்பில் ஏற்றியிருந்தார்கள். அவை வளர்ந்து வரும்வரை கிருமிகளை விரட்ட அவர் உடம்பில் காவலுக்கு ஆளில்லை என்று அம்மா விளக்கியிருந்தாள். அதனால்தான் தனி அறை. இத்தனை நாளும் வாண்டு கதவுக் கண்ணாடி வழியாகக் கையாட்டியதோடு சரி.

இன்றுதான் முதல்முறையாக உள்ளே விட்டார்கள், அதுவும் அரை மணி நேரம். நர்ஸ் அக்கா பக்கத்திலேயே நின்று விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல் என்று ஓர் இடம் விடாமல் கைகழுவ வைத்து, மாஸ்க்கும் மாட்டிவிட்டார். ஒருவருக்குத்தான் அனுமதி என்பதால் அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

அப்பா மெலிந்துபோயிருந்தார். தலையில் ஒரு முடிகூட இல்லை.

"பாத்தியா வாண்டு, கடைக்காரன் தலையையே மொட்டை அடிச்சுட்டாங்க" என்றார்.

வாண்டு சிரித்தாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனாலும் நர்ஸ் அக்கா சொன்னபடி தள்ளிப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அப்பாவின் வலது மார்பில் மெல்லிய குழாய் ஒன்று நுழைந்திருந்தது. மருந்து, இரத்தம் எல்லாம் அதன் வழியாகத்தான் போகும். அது நுழையும் இடத்தைக் கண்ணாடி போன்ற பிளாஸ்திரி மூடியிருக்கும். அதன் ஓரம் எழும்பினாலும் அடியில் ஈரம் புகுந்தாலும் கிருமி நேரே இரத்தத்துக்குள் போய்விடும் என்று கைகழுவும்போது நர்ஸ் அக்கா சொல்லியிருந்தார்.

அப்பாவின் சட்டை விலகியபோது வாண்டு அதைப் பார்த்தாள். பிளாஸ்திரியின் ஒரு மூலையில் காகித டேப் துண்டு ஒன்று கோணல்மாணலாக ஒட்டியிருந்தது. நர்ஸ் அக்கா ஒட்டினால் இப்படியா இருக்கும்?

என்னப்பா இது என்று கேட்டாள். அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார். காலையில் உடம்பு துடைக்கும்போது தண்ணீர் பட்டு மூலை எழும்பிவிட்டதாம். பக்கத்தில் கிடந்த டேப்பைக் கிழித்து அவரே ஒட்டிவிட்டாராம். கத்தி கீறிய கன்னத்துக்கெல்லாம் பிளாஸ்திரி ஒட்டிப் பழகிய கை அல்லவா?

"சொன்னா பிரிச்சு மாத்துவாங்க. உன்னை வெளியே அனுப்பிடுவாங்க. நீ வரப்போறேன்னு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லடா. நீ போனதும் நானே சொல்லிடறேன்" என்றார்.

வாண்டுவுக்கு மனம் தடுமாறியது. அவள் மட்டும் என்ன, தூங்கினாளா? வந்து உட்கார்ந்து நாற்காலி கூடச் சூடாகவில்லை. அரை மணி நேரம்தானே, அதற்குள் என்ன ஆகிவிடும்?

ஆனால் கிருமி அரை மணி நேரம் வாசலில் காத்திருக்குமா?

அவளுக்கு அப்பாவின் கடை நினைவுக்கு வந்தது. எவ்வளவு கூட்டம் இருந்தாலும் கத்தியை மருந்துத் தண்ணீரில் கழுவாமல் அடுத்தவர் கன்னத்தில் வைக்க மாட்டார். யாராவது அவசரப்படுத்தினால் ஒரே பதில்தான் சொல்வார். அதையே வாண்டு இப்போது சொன்னாள்.

"அவசரத்துக்கு வேற கடை இருக்குப்பா."

வாண்டு எழுந்து கட்டிலோரம் இருந்த மணியை அழுத்தினாள்.

நர்ஸ் அக்கா வந்து பார்த்தார். உள்ளே ஈரம் இறங்கியிருந்தது. நல்லவேளை இப்போதே சொன்னீர்கள் என்றவர், அப்பாவின் கைவேலையைப் பார்த்து, இனி முடிவெட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார். அப்பா பள்ளிக்கூடத்துப் பையனைப் போலத் தலையாட்டினார்.

வாண்டு கதவை நோக்கி நடந்தாள். கதவருகே போய்த் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்த நர்ஸ் அக்கா கொஞ்சம் யோசித்தார்.

"மாஸ்க்கைத் தொடாம, வாயைத் திறக்காம, அந்த இடதுபக்கச் சுவரோரம் நிப்பியா?"

வாண்டு வேகமாகத் தலையசைத்தாள்.

நர்ஸ் அக்கா அப்பாவுக்கும் மாஸ்க் மாட்டிவிட்டார். மூச்சுக் காற்று அந்த இடத்தில் படக்கூடாதாம். முகத்தை இடதுபக்கம் திருப்பிக்கொண்டு அசையாமல் இருக்கச் சொன்னார்.

அப்பா முகத்தைத் திருப்பினார். அங்கே வாண்டு நின்றிருந்தாள்.

நர்ஸ் அக்கா பிளாஸ்திரியைப் பிரித்தார், மருந்து தடவினார். அது தானாகக் காய வேண்டும், ஊதவும் கூடாது, விசிறவும் கூடாது என்று காத்திருந்தார். அதுவரை அப்பாவுக்கு வேறெங்கும் பார்க்க அனுமதியில்லை. வாண்டுவுக்கும் வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை. இத்தனை நாள் கண்ணாடிக்கு அப்பால் தெரிந்த கண்கள் இப்போது எதிரிலேயே இருந்தன.

அந்தக் கண்கள் மெல்ல மேலே ஏறி அவள் தலையில் நின்றன. புருவம் நெளிந்தது. பிறகு கண்ணோரம் சுருங்கியது. அப்பா சிரிக்கிறார்!

புதுப் பிளாஸ்திரி நாலு பக்கமும் படிந்து உட்கார்ந்ததும் நேரம் முடிந்துவிட்டது.

"வகிடு பயங்கரக் கோணல். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அதுதான்" என்றார் அப்பா.

மறுநாள் காலை அம்மா சீப்போடு வந்து, இன்றைக்காவது நேராக எடுத்துப் பார்க்கிறேன் என்றாள். வாண்டு வேண்டவே வேண்டாம் என்றாள்.

"கோணலாவே இருக்கட்டும்மா. நேராக்க ஆள் வர்றாங்க."