அப்பாவுக்கு ஓர் அடிக்குறிப்பு

வாலுவின் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அப்பா எதிரில் யார் என்ன பேசினாலும் அதைப் பலகையில் எழுதியாக வேண்டும்.

சட்டம் போட்டவர் அப்பாதான். விடாமல் அடித்த ஒரு பாழாய்ப்போன காய்ச்சல், போகும்போது அவருடைய காதுகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அவர் பஸ் ஓட்டியவர். பின்னால் வரும் ஹாரன் கேட்காதவரிடம் பஸ்ஸை யார் கொடுப்பார்கள்? வேலையும் போனது.

"நீங்க ரெண்டு பேரும் ஏதோ பேசிக்கிறீங்க. என்னைப் பத்தியோன்னு மனசு அடிச்சுக்குது. எல்லாத்தையும் எழுதிடுங்க" என்று கேட்டார். கூடத்துச் சுவரில் வெள்ளைப் பலகை ஒன்று வந்தது. பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

அவர் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்பது அவருக்கே தெரியவில்லை. மாடி வீட்டுக் குழந்தை பயந்து அழுகிறது என்று யாரோ வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா அதையும் சட்டப்படி எழுதிவைத்தாள். அன்றோடு அப்பா வாயை மூடிக்கொண்டார். அவரும் எழுத ஆரம்பித்தார்.

வீடு அதற்குப் பிறகு வீடாகவே இல்லை. அம்மாவின் தையல் மெஷின் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

அன்று அப்பா மெஷினுக்கு அடியில் குனிந்து, உருண்டு ஓடிய நூல்கண்டைத் தேடிக்கொண்டிருந்தார். அம்மா காலை எடுத்து வைக்க இடமில்லை. அவள் உதட்டில் ஒரு குண்டூசியைக் கவ்விக்கொண்டு துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இப்படிக் காலையே சுத்திக்கிட்டிருந்தா நான் எப்படித் தைக்கிறது? எங்கேயாவது போய்த் தொலைங்க!" என்றாள்.

சொல்லும்போதே சிரிப்பு பீறிட்டு, குண்டூசி கீழே விழுந்தது. வாலுவும் சிரித்தாள். சிரித்த கையோடு அம்மா எழுந்து, சொன்னதைச் சொன்னபடியே பலகையில் எழுதினாள். சட்டம் ஆயிற்றே! பிறகு துணியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்பா நூல்கண்டோடும் குண்டூசியோடும் எழுந்தார். இரண்டையும் மெஷின் மேல் வைத்தார். பலகையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் அந்த வரி அழிந்திருந்தது. அந்த இடத்தில் அப்பாவின் கையெழுத்து இருந்தது: 'ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போறேன். அங்கேயே இருந்துடறேன்.'

வாலு பேனாவை எடுத்தாள். 'அம்மா உங்களைத் திட்டலைப்பா' என்று அவசரமாக எழுதினாள். அப்பா அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு அதை அழித்தார். குழந்தை சமாதானம் சொல்கிறது என்று நினைத்திருப்பார்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பாடம் ஓடவில்லை. பக்கத்தில் உட்காரும் பஞ்சுத்தலைதான் பாடத்தில் வந்த வில்வீரன் கதையைப் படித்துக் கத்தினான்.

"அடடா, வில்லைக் கீழே போட்டுட்டானே! தோத்துட்டானா?"

"கீழே நட்சத்திரம் இருக்கு பாருடா" என்றாள் வாலு.

பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது: '*அந்த நாட்டு வீரர்கள் நண்பனைக் கண்டால் வில்லைக் கீழே வைப்பார்கள்.'

"அட, சந்தோஷத்துல போட்டிருக்கான்! இதை முன்னாடியே பார்த்திருந்தா நான் வீணா வருத்தப்பட்டிருக்கவே மாட்டேன்" என்றான் பஞ்சுத்தலை.

வாலு அந்தப் பொடி எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது மெஷின் ஓடவில்லை. கூடத்து மூலையில் அப்பாவின் பை தயாராக இருந்தது. அம்மா பலகையில், 'சரி, உங்க இஷ்டம்' என்று எழுதிக்கொண்டிருந்தாள். அவள் கன்னமெல்லாம் ஈரம்.

"அண்ணன் வீடுதான் நல்லா இருக்கும்னு தோணிடுச்சு போல. போகட்டும். நான் யாரு தடுக்க?" என்று மூக்கை உறிஞ்சினாள்.

வாலு பேனாவைப் பிடுங்கினாள். அம்மாவின் வரிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு, அடியில் பொடியாக எழுதினாள்: '*அம்மா இதை அழுதுகிட்டே எழுதினாங்க.'

"ஏய் வாலு! அதை அழிடி!"

"மாட்டேன். சொன்னதை மட்டும் எழுதினா போதுமா? எப்படிச் சொன்னீங்கன்னு யாரு எழுதுறது?"

வாலு விடவில்லை. அழிந்துபோன அந்தப் பழைய வரியை நினைவிலிருந்து திரும்பவும் எழுதினாள்: 'எங்கேயாவது போய்த் தொலைங்க!*' அடியில் எழுதினாள்: '*இதைச் சொல்லும்போது அம்மா சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புலதான் வாயில இருந்த குண்டூசி விழுந்துச்சு. நீங்க குனிஞ்சிருந்தீங்க, பார்க்கல. ஆனா அதை எடுத்து வச்சது நீங்கதான்.'

அம்மா அதைப் படித்துவிட்டு நெற்றியில் கை வைத்தாள். "ஐயோ, இதுக்காகவா கிளம்பறாரு?"

வாலு ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

அப்பா படித்தார். நட்சத்திரத்துக்கும் அடிக்குறிப்புக்குமாக அவர் கண்கள் ஏறி இறங்கின. அப்புறம் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். ஈரம் இன்னும் காயவில்லை.

"அந்தக் குண்டூசியா!" என்றார்.

எத்தனை நாள் கழித்து வந்த குரல்! ஜன்னல் அதிர்ந்தது. மாடி வீட்டுக் குழந்தை வீலென்று அழுதது. யாரும் காதைப் பொத்தவில்லை. அம்மா தலையை ஆட்டி ஆட்டி அழுதாள், சிரிக்கவும் செய்தாள்.

அப்பா பேனாவை வாங்கினார். அவர் எழுதிய வரி மேலே அப்படியே இருந்தது: 'ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போறேன். அங்கேயே இருந்துடறேன்.' அதன் பக்கத்தில் கோணல்மாணலாக ஒரு நட்சத்திரம் போட்டார். அடியில் எழுதினார்:

'*போக மனசே இல்லை.'

அம்மா ஒன்றும் எழுதவில்லை. பையைத் திறந்து, சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி, பழையபடி கொடியில் போட்டாள்.

காது திரும்பவில்லை. பஸ்ஸும் திரும்பப்போவதில்லை. ஆனால் அன்று பலகையை மட்டும் வாலு யாரையும் அழிக்க விடவில்லை.