பொருந்திய முகம்

மருத்துவரின் முகம் புகைப்படத்தோடு அளவுக்கு மீறிப் பொருந்தியது. அவர் நாற்காலிக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டியிருந்த பதிவுச் சான்றிதழில் இருந்த படம், படிப்பு முடித்த காலத்தில் எடுத்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வருடங்கள் ஓடியிருந்தன. நெற்றி கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும், கன்னம் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. ஊர் முகத்தையெல்லாம் திருத்துகிறவர் தன் முகத்தைக் கவனிக்காமலா இருப்பார் என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சான்றிதழ் பார்ப்பதுதான் அவளுக்குச் சோறு போடும் தொழில். வேலைக்கு வருகிறவர்களின் சான்றிதழ்களை நிறுவனங்கள் அவள் அலுவலகத்துக்கு அனுப்பும். அவள் கல்லூரிக்கு ஃபோன் போட்டுக் கேட்பாள், முத்திரையை உற்றுப் பார்ப்பாள், படத்தையும் ஆளையும் ஒப்பிட்டு 'பொருந்துகிறது' என்று எழுதுவாள். இந்த மருத்துவரையும் அவள் விடவில்லை. கல்லூரியில் கேட்டாள், இங்கேதான் படித்தார் என்றார்கள். மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் தேடினாள், அதே பதிவு எண், அதே படம். பிளாஸ்டிக் சர்ஜரியில் வாங்கிய மேற்பட்டமும் உண்மை. அக்கா மட்டும் ஃபோனில் கேட்டாள்.

"பேப்பரெல்லாம் சரிடி. அவர்கிட்ட பண்ணிக்கிட்டவங்க யாரையாவது நேர்ல பாத்தியா?"

பார்க்கவில்லை. பொய் இருந்தால் தாளில்தான் இருக்கும், முகத்தில் இருக்காது. அவள் தொழில் அவளுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தது.

இவ்வளவும் ஒரு மூக்குக்காக. அவள் கணவன் கோபப்படுகிற ஆள் இல்லை, சிரிக்கிற ஆள். குடும்பமாக நின்று படம் எடுக்கும்போது, நீ கொஞ்சம் பின்னால் நில், அப்போதுதான் மற்றவர்களுக்கும் இடம் கிடைக்கும் என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள். அப்படிப்பட்டவனுக்குப் பிடித்த முகத்தோடு ஒரு நாளாவது வீடு திரும்ப ஆசைப்பட்டாளே, அதை நினைத்தால்தான் அவளுக்கு வாயெல்லாம் கசந்தது. அவன் இப்போது வரவேற்பறையில் உட்கார்ந்து ஃபோனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான்.

அறுவை சிகிச்சை அறையில் ஸ்பிரிட் நெடி மூக்கில் ஏற, அதற்கடியில் காயாத துணியின் புழுங்கல் வாடையும் சேர்ந்துகொள்ள, ஏசியிலிருந்து எங்கோ ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் தண்ணீர் சொட்டும் சத்தத்தைக் கேட்டபடி அவள் மேசையில் மல்லாந்து கிடந்தாள். முதல்முறை வந்தபோது எடுத்த அவள் படத்தைத் தலைக்கு மேல் விளக்குத் தண்டில் கிளிப் போட்டு மாட்டியிருந்தார்கள். நர்ஸ் ஊசி போட்டாள். முதல் நாள் பார்த்ததிலிருந்து அந்த நர்ஸ் முகக்கவசத்தைக் கழற்றியதே இல்லை. உதடு மரத்தது, கன்னம் மரத்தது, பிறகு கைகால்கள் யாருடையவோ போல ஆகிவிட்டன. கண்ணும் காதும் மட்டும் விழித்திருந்தன.

மருத்துவர் குனிந்தார். விளக்கு அவர் தாடைக்கு மிக அருகில் எரிந்தது.

சான்றிதழில் ஒட்டும் படத்தின் ஓரத்தில் வட்ட முத்திரை குத்துவார்கள். மை முகத்தின்மேலும் கொஞ்சம் ஏறிவிடும். சுவரில் பார்த்த படத்திலும் தாடையின்மேல் நீலமாக ஒரு வளைவு இருந்தது.

அது அவர் தாடையிலும் இருந்தது. தோலுக்கு அடியில். மங்கிய நீலத்தில். பாதி எழுத்துகளோடு.

முகத்தைப் பார்த்து எடுத்த படம் இல்லை. படத்தைப் பார்த்துச் செய்த முகம்.

அப்படியானால் அந்தப் படத்துக்குச் சொந்தக்காரர் எங்கே? அவள் கத்தப் பார்த்தாள். நாக்கு அசையவில்லை.

"எல்லாம் செக் பண்ணிட்டீங்க இல்ல? காலேஜ்ல கூட கேட்டீங்களாமே," என்றது அந்த முகம். "நல்லதுதான். எல்லாரும் பேப்பரைத்தான் பாக்கறாங்க."

நர்ஸ் முகக்கவசத்தைக் கழற்றினாள்.

கவசத்துக்குப் பின்னால் இருந்தது மேசையில் கிடந்தவளின் மூக்கு. அவள் உதடு. புருவத்துக்கு நடுவே அவளுடைய சுருக்கம். காதோரத்தில் மட்டும் கடைசித் தையல் ஒன்று பிரிக்காமல் இருந்தது. மருத்துவர் அதை வெட்டி எடுத்தார், தண்டிலிருந்த படத்தைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார், தலையாட்டினார். நர்ஸ் அவசரமே இல்லாமல், அவள் கழற்றி வைத்திருந்த உடையை மாட்டிக்கொண்டாள். அவளுடைய செருப்பில் காலை நுழைத்து, கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

கதவு முழுதாகச் சாத்தவில்லை. அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். அவன் பார்ப்பான். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவன். அவனுக்குத் தெரியாமலா போகும்?

"அதுக்குள்ள ஆச்சா?" கணவனின் குரல். "என்ன, மூக்கு அப்படியேதான் இருக்கு? இதுக்கா இவ்வளவு பாடு?"

செருப்புச் சத்தம் ஓர் எட்டு நெருங்கி நின்றது.

"பேசக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களா? அதுவும் நல்லதாப் போச்சு. வா, போலாம்."

சிரித்தான். செருப்புச் சத்தம் அவன் பக்கத்திலேயே நடந்து போனது. வெளிக்கதவு திறந்தது. மூடியது.

மருத்துவர் வந்து கதவைத் தாழ் போட்டார். தண்டிலிருந்து அவள் படத்தை உருவிக் குப்பைக் கூடையில் போட்டார். மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு படத்தை எடுத்து மாட்டினார். யாரோ ஒரு பெண். வட்ட முகம், தட்டையான மூக்கு. அவள் முன்னே பின்னே பார்த்ததில்லை. அந்தப் பெண்ணும் இப்போது எங்கோ உட்கார்ந்து இதே மருத்துவரைப் பற்றிக் கல்லூரிக்கு ஃபோன் போட்டுக்கொண்டிருப்பாள்.

அவர் படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

கத்தி காதோரத்தில் இறங்கியது. வலிக்கவில்லை. தோல் விலகும் சத்தம் மட்டும் கேட்டது.