விழுந்தும் அணையாத விளக்கு

அன்புள்ள திரு. ஹார்கிரேவ் அவர்களுக்கு,

உழைப்பவர் கையில் கொடுத்துச் சோதித்து எழுதச் சொல்லி நீங்கள் அனுப்பிய கை டார்ச் வந்து சேர்ந்தது. ரத்தினக்கல்லான ஓப்பலைத் தோண்டி எடுக்கும் எங்கள் வயலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைச் சோதித்தோம். யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். அப்போதுதான் பின்னால் வருவது புரியும்.

பிராங்கோ, குழிக்குச் சொந்தக்காரர். லாரியின் நிழலில், மடக்கு நாற்காலியில்.

கோஸ்டா, அவருடைய கூட்டாளி. கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல், வெயிலில்.

நான், வெஸ்னா, சாமான் கடையில் கணக்கும் கடிதமும் பார்ப்பவள். லாரியின் பின்பலகையில், மடியில் எழுத்து அட்டையோடு.

நாலாவதாக ஒரு காலி எண்ணெய்ப் பீப்பாய். அதில் யாரும் உட்காரவில்லை. அது கோஸ்டாவின் தம்பி லெஃப்டெரியின் இடம். போன வருஷத்துக்கு முந்தின கோடையில் அவன் எல்லோரும் கூட்டாகத் தோண்டிய கற்களை எடுத்துக்கொண்டு பெர்த்துக்கு ஓடிவிட்டான் என்று ஊரில் பேச்சு. அதைச் சொன்னவர் பிராங்கோ. அன்று முதல் கோஸ்டா தலைகுனிந்து, தன் பங்கைக் கேட்காமல் வேலை செய்துவந்தான். வாரம் தவறாமல் தபால் வண்டி வரும்போது மட்டும் கடை வாசலில் வந்து நிற்பான். என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டான். தம்பியின் கடிதம் இல்லை என்று நான் தலையாட்டுவேன். போய்விடுவான்.

இனி டார்ச்.

உடல் அலுமினியம். நடுவிரல் நீளம்தான். சட்டைப்பையில் இருப்பதே தெரியாது. வெளிப்புறம் சொரசொரவென்று வெட்டியிருப்பதால் எண்ணெய்க் கையிலும் வழுக்கவில்லை. பின்முனைப் பொத்தானைக் கையுறையோடு அழுத்த முடிகிறது. பக்கத்தில் உள்ள கவ்வி இறுக்கமாக இருக்கிறது, தொப்பி விளிம்பில் மாட்டினால் அசையவில்லை.

"இவ்வளவு சின்னதா? கோஸ்டா, உன் தம்பி மாதிரியே இருக்குடா. சட்டைப்பையில வச்சிருப்போம், திரும்பிப் பாத்தா காணாமப் போயிடும்" என்றார் பிராங்கோ.

கோஸ்டா சிரிக்கவில்லை. "வெளிச்சத்தைப் பாருங்கண்ணே" என்றான்.

எங்களுக்கு வெளிச்சம்தான் முக்கியம். மஞ்சள் வெளிச்சம் கல்லைப் பொய்யாகக் காட்டும், மண்ணுக்குள் சுண்ணாம்புக் கல்லைக்கூட ஓப்பல் என்று நம்பவைக்கும். உங்கள் டார்ச் பொய் சொல்லவில்லை. ஒரு துண்டுக் கல்லில் அடித்துப் பார்த்தோம். பச்சை பச்சையாகவும் சிவப்பு சிவப்பாகவும் தெரிந்தது. தண்ணீர் வாளியில் போட்டோம். அடியில் கிடந்தபடி எரிந்தது.

மிச்சம் இருந்தது விழும் சோதனை. சிமெண்டுத் தரையில் போட்டுப் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள்.

"இங்க ஏது சிமெண்டு?" என்று பிராங்கோ கையை வீசினார். "குழிதான் இருக்கு. நம்ம குழியில போடு."

"அதுல அடியில மண் குவிஞ்சு கிடக்கு. மெத்தை மாதிரி. சோதனை ஆகாது" என்றேன். "பழைய குழி அடி கெட்டிப் பாறை. அதுல போடலாம்."

பழைய குழி லாரிக்குப் பின்னால்தான் இருந்தது. லெஃப்டெரி போன அதே கோடையில் பிராங்கோ அதன் வாயில் தகரத்தைப் போட்டு, மேலே கல்லை ஏற்றி மூடியிருந்தார். கல் தீர்ந்துவிட்டது, காற்று கெட்டுவிட்டது என்று காரணம் சொன்னார்.

பிராங்கோ நாற்காலியை விட்டு எழுந்தார். "அது வேணாம்."

"ஏன்?"

"காத்து சரியில்லன்னு எத்தனை தரம் சொல்றது? காகிதத்துல எழுதத் தெரிஞ்சா போதுமா கணக்கம்மா, காதும் கேக்கணும்."

"டார்ச்சுக்கு எதுக்குண்ணே காத்து?" என்றான் கோஸ்டா. அவன் ஏற்கனவே கற்களைத் தள்ள ஆரம்பித்திருந்தான். தகரத்தை இழுத்தபோது அது பாறையில் கிறீச்சிட்டது. பிராங்கோ கத்திக்கொண்டு ஓடிவருவதற்குள் கோஸ்டா டார்ச்சை எரியவிட்டு உள்ளே போட்டுவிட்டான்.

சுவரில் மோதி மோதி அது இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு டங்கென்ற ஒலி.

மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். மேலே கண் கூசும் வெயில். கீழே, கிணற்றைப் போல் நேராக இறங்கும் இருட்டின் அடியில், வெள்ளையாக ஒரு பொட்டு. பக்கவாட்டில் கிடந்து பாறைச் சுவரைக் காட்டிக்கொண்டிருந்தது.

விழுந்தும் அணையவில்லை என்று எழுதிக்கொண்டேன்.

அப்போதுதான் வாசம் வந்தது. மூடிக்கிடந்த குழியிலிருந்து சுண்ணாம்புத் தூசியின் குளிர் நெடிதான் வரும். இது இனிப்பும் கசப்புமாக, மரப்பிசின் வாசம். கிரேக்கர்கள் வாயில் போட்டு மெல்லுவார்களே, அந்த மாஸ்டிக் பிசின். இந்த வயலில் அதை ஓயாமல் மென்றுகொண்டிருந்தவன் ஒருவன்தான்.

கோஸ்டா மூச்சை உள்ளே இழுத்தான். வெளியே விடவில்லை.

கீழே வெளிச்சம் அசைந்தது.

சுவரிலிருந்து மெதுவாக நகர்ந்தது. தரைக்கு வந்தது. நிமிர்ந்தது.

எங்கள் முகத்தில் அடித்தது.

பிறகு வட்டம் போட்டது. அவசரமே இல்லாமல், பெரிய வட்டமாக, நிறுத்தி நிறுத்தி.

இதை உங்களுக்கு விளக்க வேண்டும். மற்ற குழிகளில் மேலே வர வேண்டியவர் கயிற்றை இழுத்து மணி அடிப்பார். பிராங்கோவின் குழிகளில் மணி கிடையாது. விளக்கை வட்டமாகச் சுற்றினால் 'என்னை ஏத்து' என்று அர்த்தம். அது அவரிடம் வேலை செய்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

"லெஃப்டெரி" என்றான் கோஸ்டா. கூப்பிடவில்லை. தனக்குள் சொல்லிக்கொண்டான்.

"உருண்டிருக்கும்டா. சரிவுல உருண்டிருக்கும்" என்றார் பிராங்கோ.

"உருண்டா வட்டம் போடுமா?"

கோஸ்டா லாரியைப் பின்னுக்கு எடுத்து, அதன் மேல் இருந்த இழுவை எந்திரத்தின் கையைக் குழிக்கு நேராகத் திருப்பினான். கம்பிக் கயிற்றின் நுனியில் தொங்கும் இருக்கைப் பலகையைப் பிடித்துக் காலைப் போடப் போனான். பிராங்கோ அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"நீ போகாத. நான் போறேன். நீ பாக்க வேணாம்."

"எதைப் பாக்க வேணாம்?"

பிராங்கோ பலகையில் உட்கார்ந்து, கயிற்றைப் பிடித்து, தலையசைத்தார். கோஸ்டா அவரை இறக்கினான்.

அவர் தொப்பி இருட்டுக்குள் போனது. கயிறு தளர்ந்தது. இறங்கிவிட்டார்.

வெளிச்சம் அணைந்தது.

வெகுநேரம் ஒன்றுமில்லை. ஈக்கள்கூட எங்கோ போய்விட்டன. பிறகு கீழிருந்து பிராங்கோவின் குரல் வந்தது. எங்களிடம் பேசவில்லை. பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதுபோல், தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

"மறந்துட்டேன்டா. கீழ விட்டுட்டு வந்த என் டார்ச்சை எடுத்துட்டு வான்னு நான்தான் உன்னை அனுப்பினேன், மறந்தே போச்சு. கிளப்புல கொஞ்சம் அதிகமா குடிச்சிட்டேன். வந்து பாத்தா ஏணி தொங்குது. கீழ டொக்கு டொக்குன்னு சத்தம். எலின்னு நினைச்சேன்."

அடுத்தவர் குழியில் இறங்கிக் கல் திருடுகிறவனை இங்கே எலி என்போம். எலி மாட்டினால் யாரும் போலீசைக் கூப்பிடுவதில்லை. ஏணியை மேலே இழுத்து, தகரத்தை மூடி, விடியும்வரை உள்ளேயே வைத்துக் கெஞ்சவிடுவார்கள். எல்லோரும் செய்வதுதான். மறுநாள் கிளப்பில் சொல்லிச் சிரிப்பார்கள்.

"காலைல ஏத்துறேன்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்தேன். காலைல கல்லு வாங்க ஆள் வந்துட்டான், அப்படியே அடிலெய்டு போயிட்டேன். திரும்பி வந்தப்புறம்தான் நீன்னு ஞாபகம் வந்துச்சு. மேல நின்னு கூப்பிட்டேன்டா. நீ பேசல. நான் எட்டிப் பாக்கல. பாத்தா தெரிஞ்சு போயிடும்ல."

கோஸ்டா எந்திரத்தின் பிடியில் கை வைத்தபடி நின்றான். அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

திடீரென்று கீழிருந்து அலறல். "ஏத்து! கோஸ்டா, ஏத்துடா!"

வெளிச்சம் எரிந்தது. அதே நிதானமான வட்டம்.

கோஸ்டா கயிற்றைச் சுற்றினான். அது சட்டென்று ஏறியது. ஆள் கனம் இல்லை.

வெளியே வந்தது வெறும் பலகை. அதில் உங்கள் டார்ச், கவ்வியால் ஒழுங்காக மாட்டப்பட்டு, எரிந்துகொண்டிருந்தது.

"கோஸ்டா! இங்க இருட்டா இருக்கு! பக்கத்துல..." பிராங்கோவின் குரல் உடைந்தது.

கோஸ்டா குழியின் விளிம்பில் மண்டியிட்டான்.

"அன்னைக்கு என் தம்பி கத்தினப்ப என்ன சொன்ன?"

கீழே நகங்கள் பாறையைப் பிறாண்டின.

"என்ன சொன்ன, திரும்பச் சொல்லு."

"காலைல... காலைல ஏத்துறேன்னு."

"சரி" என்றான் கோஸ்டா. "காலைல ஏத்துறேன்."

தகரத்தை இழுத்து மூடினான். கற்களை எடுத்துக் கொடுத்தது நான். மூடிய பிறகும் தகரத்தில் காது வைத்துக் கேட்டேன். உள்ளே ஒருவர் அழுது கெஞ்சிக்கொண்டிருந்தார். அவருக்கு மிக அருகில் இன்னொருவர் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

கோஸ்டா சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். விடிந்ததும் தகரத்தை நீக்கி, ஏணியைத் தொங்கவிட்டு, உங்கள் டார்ச்சோடு இறங்கினான். லெஃப்டெரி அங்கே இருந்தான். பூட்சும் சட்டையும் போட்டபடி, சுவரில் சாய்ந்த எலும்பாக. மடியில் பிராங்கோவின் பழைய டார்ச்சைப் பத்திரமாக வைத்திருந்தான். எடுத்துவரச் சொன்னதை எடுத்துத்தான் வைத்திருந்தான்.

பிராங்கோ இல்லை.

அந்தக் குழியிலிருந்து வேறு எங்கும் வழி கிடையாது. நானும் இறங்கிச் சுவரைத் தடவிப் பார்த்தேன். நாலு பக்கமும் பாறை. போலீஸ் சார்ஜென்ட் வந்தார், அவரும் பார்த்தார். நடந்ததை நான் அப்படியே சொன்னேன். கேட்டுவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "இருட்டுல எப்படியோ ஏறி வந்திருப்பான். தப்பு வெளிய வந்ததும் ஓடியிருப்பான். பெர்த் பக்கம் போயிருப்பான்" என்றார்.

லெஃப்டெரியை முறைப்படி அடக்கம் செய்தோம். கோஸ்டா இப்போது தபால் வண்டிக்கு வந்து நிற்பதில்லை.

டார்ச்சில் ஒரு குறை சொல்ல வேண்டும். அன்று முதல் அது தானாக எரிகிறது. மேசையில் வைத்தால் கூரையில் வட்டம் போடுகிறது. நிதானமான வட்டம் இல்லை. சின்னச் சின்னதாக, மூச்சு முட்டுகிறவன் கை உதறுவதுபோல, வேகமாக. பேட்டரியைக் கழற்றிவிட்டேன். நிற்கவில்லை. இரண்டு கையாலும் பொத்திப் பார்த்தேன். உள்ளங்கையில் யாரோ நகத்தால் பிறாண்டுவதுபோல் இருந்தது.

கோஸ்டாவிடம் காட்டினேன். அவன் கூரையில் சுற்றும் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தான். தம்பி போன பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

"மாதிரியைத் திருப்பி அனுப்பணும்னு எழுதியிருந்தாங்கல்ல?"

"ஆமா."

"அனுப்பிடு. பெட்டியை நல்லா இறுக்கி ஒட்டு. காத்து போகாத மாதிரி."

கட்டமைப்பு, மிக நன்று. வெளிச்சம், மிக நன்று. விழும் சோதனை, தேறியது. மாதிரியை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பேட்டரி தனியாக இருக்கிறது.

இப்படிக்கு,
வெஸ்னா

பின்குறிப்பு: தபால் வண்டி வாசலில் நிற்கிறது. வெளியே கோஸ்டா அந்த எண்ணெய்ப் பீப்பாயைக் கொண்டுவந்து போட்டு, அதில் உட்கார்ந்து மாஸ்டிக் மென்றுகொண்டு, வேடிக்கை பார்க்கிறான். பெட்டியை நாடா போட்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டேன். ஒட்டின மடிப்பின் வழியே இன்னும் வெளிச்சம் கசிந்து, சுவரில் சுற்றிச் சுற்றி வருகிறது. உங்கள் கைக்கு வந்ததும் திறந்துதான் பார்ப்பீர்கள். ராத்திரியில் வந்தால் மட்டும் அவசரப்பட வேண்டாம். காலையில் திறந்தால் போதும்.

கடித உறையை ஒட்டிவிட்டேன் என்று நினைத்து வண்டிக்காரர் கையை நீட்டுகிறார். இதோ, ஒட்டுகிறேன்.