வாசலில் விளைந்த தடம்

கோலம் போட வாளியோடு வெளியே வந்த யுவராணி, கேட்டுக்கு உள்பக்கம் வெள்ளையாக ஒரு கோடு ஓடுவதைப் பார்த்து நின்றாள். சைக்கிள் டயர் தடம். கேட்டருகில் தொடங்கி, கார்த்திகையில் போட்ட சிமெண்ட் தளத்தின் மேல் லேசாக நெளிந்து வந்து, பாதி வழியில் நின்றுவிட்டது. திரும்பிப் போன தடம் இல்லை. அந்த வீட்டில் யாருக்கும் சைக்கிள் கிடையாது. கேட்டின் பூட்டு, ராத்திரி அவள் பூட்டியபடியே தொங்கியது.

பால்காரனாக இருக்குமோ? அவன் வருவது மொபெட்டில். பக்கத்து வீட்டு சுலோசனா மேல் சந்தேகம் போனது. இந்த வீட்டுக்கு மாடி எழும்பிய நாள் முதல் அவளுக்கு வயிற்றெரிச்சல். ஆனால் வயிற்றெரிச்சலுக்காக ஒருத்தி சைக்கிளைத் தூக்கிக்கொண்டு சுவரேறிக் குதிப்பாளா? தன் புத்தியைத் தானே திட்டிக்கொண்டு, போர் தண்ணீரை ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்தாள். ஈரத்தில் தடம் மறைந்தது. வெயில் ஏறித் தளம் காய்ந்ததும், முன்பைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூஜாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். மகள் பாண்டிச்சேரி ஹாஸ்டலிலிருந்து அன்று காலைதான் வருவாள். அதற்குள் வாசல் சுத்தமாக வேண்டும் என்ற கவலையில்தான் புருஷனிடம் சொன்னாள்.

"ஏங்க, வாசல்ல யாரோ சைக்கிள் வுட்டிருக்காங்க. எவ்ளோ தேய்ச்சாலும் தடம் போவ மாட்டேங்குது."

அசோகன் டீ குடித்துக்கொண்டிருந்தான். யார் என்று கேட்கவில்லை. பூட்டின கேட்டுக்குள் எப்படி என்றும் கேட்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தான்.

"எதுவரைக்கும் வந்திருக்குது?" என்றான்.

அந்தக் கேள்வி அவளுக்குள் முள்ளாகத் தைத்தது. பாத்திரம் கழுவும்போதும் துணி காயப்போடும்போதும் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற ஆள்தான் அப்படிக் கேட்பான்.

மறுநாள் தடம் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்திருந்தது. அசோகன் கடையிலிருந்து ஆசிட் வாங்கி வந்தான். ஊற்றியதும் நுரைத்து, மூக்கைப் பொசுக்குகிற நெடி கிளம்பி, அடங்கியது. காய்ந்ததும் தடம் மட்டும் வெள்ளை வெளேரென்று நின்றது. "வெயிலு வர்றதுக்குள்ள கழுவிடு. காய வுடாத" என்று மட்டும் சொன்னான். உப்பளத்திலிருந்து மூட்டை ஏற்றுகிற தன் குட்டியானை வண்டியை அன்றிலிருந்து ரோட்டிலேயே நிறுத்தினான். உள்ளே வரும்போது தளத்தில் கால் வைக்காமல், சுவர் ஓரமாக முருங்கை மரத்தடி மண்ணில் நடந்து வந்தான். தன் வீட்டுக்குள் திருடனைப் போல வருகிற புருஷனை யுவராணி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

சந்தேகம் வந்துவிட்டால் பழையதெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். புயலடித்த அன்று அவன் நேரங்கழித்து வந்தது. வண்டியின் முன்விளக்கு உடைந்திருந்தது. மாடு குறுக்கே வந்துவிட்டது என்றான். வாசலுக்குக் கொட்டியிருந்த மண்ணை மழையோடு மழையாக ஒற்றை ஆளாகப் பரப்பியது. "மண்ணு இன்னும் அமரலீங்க, ஒரு மாசம் போவட்டும்" என்று கொத்தனார் சொல்லியும் கேட்காமல், மழை விட்ட மறுநாளே சிமெண்ட் போட வைத்தது. கொத்தனார் சொன்னபடியே ஆயிற்று. தளம் சாய்ந்து, கழுவிய தண்ணீர் ரோட்டுக்கு ஓடாமல் வீட்டுப் படிப் பக்கமே ஓடி வருகிறது.

அந்தத் தடத்தில் இன்னொன்றும் இருந்தது. கொஞ்ச தூரத்துக்கு ஒரு முறை குறுக்கே தடிப்பாக ஒரு பட்டை. அது என்னவென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. முதல் நாளே தெரிந்தது. தெரிந்ததைத் தெரியாதது போலத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அசந்து தூங்கிவிட்டாள். எழுந்து ஓடி வந்தபோது கேட்டுக்கு வெளியே குப்பம்மாள் கேனோடு நின்றிருந்தாள். அளத்துக்குப் போகிற வழியில் தினமும் இந்த வீட்டு ஆர்.ஓ. மெஷினில் நல்ல தண்ணீர் பிடித்துக்கொண்டு போவாள். யுவராணி சின்ன வயதில் அளத்தில் உப்பு சுமந்தபோது பக்கத்துப் பாத்தியில் வேலை செய்தவள். அவள் புருஷன் கலியபெருமாள் புயலன்று வேலைக்குப் போனவர். வீடு திரும்பவில்லை. கழுவெளி ஏரித் தண்ணீர் கொண்டுபோய்விட்டது என்று ஊரே சொல்லிவிட்டது. பிணம் கிடைக்காததால் காரியம் செய்யவில்லை. நெற்றியில் குங்குமத்தை வைப்பதா அழிப்பதா என்று தெரியாமல், தினமும் வைத்துக்கொண்டு அளத்துக்குப் போகிறாள்.

குப்பம்மாள் கம்பி வழியாகத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எங்க வூட்டு வண்டி" என்றாள்.

"இல்லக்கா, பால்காரன்..."

"பின் டயரு வெடிச்ச எடத்துல செருப்பு ரப்பர வெச்சு வாருல இழுத்துக் கட்டியிருந்தாரு. டக்கு டக்குனு சத்தம் வரும். நீ கூட அந்த கேரியர்ல ஒக்காந்து போயிருக்கியே, யுவராணி." குரல் உயரவே இல்லை. "கழுவாதம்மா. வர்றவரு வரட்டும்."

அவள் போன பிறகு யுவராணி தடத்தருகில் குந்தி, விரலால் கீறி நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு. வெறும் உப்பு. தலையில் கை வைத்துக்கொண்டாள். இந்த ஊர் போர் தண்ணீர் முழுக்க உப்பு. அதை ஊற்றி ஊற்றி வெயிலில் காயவிட்டால் என்ன விளையும் என்று அளத்தில் வளர்ந்தவளுக்கா தெரியாது? அழிப்பதாக நினைத்துத் தினமும் தன் கையாலேயே விளைவித்திருக்கிறாள்.

சாயங்காலம் கரண்ட் போனது. விளக்கேற்றாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தான் அசோகன். கால் இரண்டையும் நாற்காலி மேல் தூக்கி வைத்திருந்தான். வெளியே காற்று நின்றிருந்தது. புழுங்கிய சேற்று வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

"லைட்டு ஒடஞ்சது மாட்டு மேல மோதி இல்ல, இல்லீங்களா?"

அவன் நாற்காலி மேலிருந்த கால்களை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டான்.

"ஆஸ்பத்திரிக்காவது தூக்கினு போயிருக்கலாமே."

"போயிருக்கலாம். மூச்சு இருந்துச்சு, யுவா" என்றான். "மண்ணப் போடும்போது கூட இருந்துச்சு."

அவளுக்கு அவன் முகத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. எழுந்து போய்க் குப்பம்மாளின் காலில் விழுந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். அடுத்த கணம் பூஜா நினைவுக்கு வந்தாள். கொலைகாரன் மகளை யார் கட்டுவார்கள்? அந்த யோசனை வந்ததற்காகத் தன்னையே வெறுத்தாள். வெறுத்துக்கொண்டே, மெஷின் தண்ணீர் பிடித்து வைத்திருந்த கேன்களை ஒவ்வொன்றாக வாசலுக்கு உருட்டினாள்.

நல்ல தண்ணீருக்கு உப்பு நிற்காது. ஊற்ற ஊற்றக் கரைந்தது. வெள்ளைப் பட்டைகள் கலங்கி, பாலாகி, தளத்தின் சரிவில் ஓடின. கடைசிக் கேனும் காலியானபோது தளம் கறுப்பாக, துடைத்துவிட்டது போல இருந்தது. தண்ணீர் முழுவதும் படியருகில் தேங்கி, வாசற்படிக் கல்லின் இடுக்கு வழியாக மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. இருட்டில் அவள் அதைக் கவனிக்கவில்லை.

விடிகாலையில் தளம் காய்ந்துவிட்டிருந்தது. தடம் இல்லை. ஒரு வெள்ளைப் பொட்டுகூட இல்லை. யுவராணிக்கு அழுகை வந்தது. நிம்மதி அழுகை. கேட்டின் பூட்டைத் திறந்துவிட்டு, சாணம் கரைத்துத் தெளிக்கலாம் என்று திரும்பும்போது கேட்டருகில் குப்பம்மாள்.

காலி கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு, சுத்தமான தளத்தைப் பார்த்தாள்.

"கழுவிட்டியா?"

"பால்காரன் தடம்தாங்க்கா அது. விசாரிச்சிட்டேன்."

"தண்ணி?"

"மெஷின் ரிப்பேரு அக்கா. இன்னிக்கு இல்ல."

குப்பம்மாள் நகரவில்லை. சண்டை போடவும் இல்லை. கேனை மட்டும் கீழே வைத்தாள். யுவராணி பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

அப்போது கேட்டது.

டக்.

வீட்டுக்குள்ளிருந்து.

டைல்ஸ் மேல் ரப்பர் உருளும் சத்தம். மெதுவாக. கொஞ்சம் இடைவெளி. டக்.

குப்பம்மாளுக்கும் கேட்டது. அவள் முகம் நிமிர்ந்தது. எத்தனையோ நாளாகக் காணாத ஒரு தெளிவு அந்த முகத்தில் வந்தது. புடவைத் தலைப்பை இழுத்து ஒழுங்காகச் செருகிக்கொண்டாள்.

"வந்துட்டாரு போல" என்றாள்.

யுவராணி திரும்பி நடந்தாள். படியில் ஏறும்போதுதான் கல்லின் இடுக்கைப் பார்த்தாள். வெள்ளை பூத்திருந்தது. அளத்தில் ஒரு பாத்தித் தண்ணீரை மடை திறந்து அடுத்த பாத்திக்கு விடுவார்கள். விளைச்சல் அந்த அடுத்த பாத்தியில்தான். நேற்று சாயங்காலம், நல்ல தண்ணீர் ஊற்றி, மடையைத் திறந்துவிட்டது அவள்தான்.

கூடத்து டைல்ஸில் தடம். கொரகொரவென்று, மணி மணியாக. நெளியவில்லை. நேராகப் போயிருந்தது. குறுக்கே பட்டை. மறுபடி பட்டை. பூஜை அலமாரியைத் தாண்டி. பூஜாவுக்கு வாங்கி வைத்த புதுப்புடவைப் பையைத் தாண்டி. படுக்கையறைக்குள்.

சத்தம் நின்றிருந்தது.

"ஏங்க."

ஜன்னல் மூடியிருந்தது. அறை முழுக்க அளத்து வாடை. கட்டிலில் அசோகன் மல்லாந்து கிடந்தான். தடம் கட்டில் காலில் ஏறியிருந்தது. போர்வையில் ஏறியிருந்தது. வயிற்றின் மேல். நெஞ்சின் மேல் ஒரு பட்டை. கழுத்தின் மேல் ஒரு பட்டை. அங்கிருந்து முகவாய். அதோடு முடிந்தது.

வாய் திறந்திருந்தது. வாய் நிறைய உப்பு. மூக்கிலும் உப்பு. பரல் பரலாக, புதிதாக விளைந்து, விளிம்பு வரை தளும்பி நின்றது. கண்கள் விழித்திருந்தன. அவளைத்தான் பார்த்தன.

தண்ணீர். நல்ல தண்ணீர் ஊற்றினால் கரையும். சமையலறைப் பக்கம் ஓடப்போனவள் நின்றாள். வீட்டில் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் இல்லை.

வெளியே கேட் திறக்கிற சத்தம் கேட்டது. குப்பம்மாள் உள்ளே வருகிறாள். செருப்பில்லாத கால்கள் தளத்தில் நிதானமாக நடந்து வந்தன.

கட்டிலில், அவன் வாயில் குவிந்திருந்த உப்பு மெல்ல மேலே எழும்பியது. அடங்கியது. மறுபடி எழும்பியது.

மூச்சு இருந்தது.