அசையாதே என்று சொன்னவள்

“இப்போ?”

“இல்ல, ஒரே புள்ளியா வருது. இடது பக்கம் திருப்பு.”

“இப்போ?”

“ஆங், அங்கேயே! அசையாதே ருத்தி!”

“மழை வருதுடி. இறங்கட்டுமா?”

“பத்தே நிமிஷம். கல்யாணக் காட்சி வந்துருச்சு.”

“நம்ம கல்யாணத்தக்கூட நீ இவ்வளவு ஆசையா பாக்கல!” என்று கூரையிலிருந்து ருத்திலியோ சிரித்தான். அவன் கடைசியாகப் பேசியது அதுதான். மின்னல் விழுந்தபோது அவன் கை ஆன்டெனாக் கம்பத்தில் இருந்தது.

இரண்டு வருடமாகிவிட்டது. ஏணியை அவன் மனைவி எதெல்வினா மறுநாளே யாருக்கோ கொடுத்துவிட்டாள். டிவியைக் கொடுக்கவில்லை. வளைகுடாப் புயல் அடித்தாலும் அதில் படம் தெளிவாகவே வந்தது. தொடர் ஓடும்போது, நின்று நின்று வலித்த காலை ஒருவன் மாற்றி ஊன்றுவதுபோல, கூரைத் தகரம் அவ்வப்போது முனகும். அவள் யாரிடமும் சொன்னதில்லை. இறங்கி வா என்ற கூப்பாடு தினமும் வாய்வரை வரும். கூப்பிட்டால் போய்விடுவானோ? வந்துவிடுவானோ? எதற்குப் பயப்படுகிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

நேற்று நள்ளிரவோடு அவள் ஊரான போசா ரிக்காவில் பழைய டப்பா டிவிகளுக்கான ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள்.

“அரசாங்கம் ஓசியில குடுத்த தட்டை டிவி பிரிக்காமக் கெடக்கு. நீ இந்தச் செத்த டப்பாவக் கட்டிக்கிட்டு அழு,” என்று பக்கத்து வீட்டு சாயோ காலையில்தான் கேலி செய்தாள். “இனி ஆன்டெனாவ நிலாவுல நட்டாலும் அதுல ஒண்ணும் வராதுடி.”

சாயங்காலம் ஆறு மணி. பழக்கத்தில் கை டிவியைப் போட்டது. இரைச்சல். வெறும் புள்ளிகள்.

மேலே தகரம் நெளிந்தது. அடுப்பில் வேகும் கறுப்பு பீன்ஸின் மணத்தையும், கொல்லைப்பக்கம் காயும் துணிகளின் சோப்பு வாசனையையும் அமுக்கிக்கொண்டு, தீய்ந்த ரப்பர் நாற்றம் உத்தரத்தின் இடுக்குகள் வழியே மெல்ல மெல்ல இறங்கி வீடு முழுக்க நிறைந்தது.

“இப்போ?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். காலடிகள் இடப்பக்கம் போயின. நின்றன. வலப்பக்கம் திரும்பின. கம்பம் கிறீச்சிட்டது.

“இப்போ?”

வேகமாக நடந்தான். துரு உதிர்ந்து அவள் தலையில் விழுந்தது. இடம். வலம். இடம்.

“இப்போ? எல்வி, இப்போ?”

இனி வரவே வராத படம். அவள் சொல்லாவிட்டால், அதைத் தேடிக்கொண்டே இருப்பான்.

சட்டென்று எல்லாம் நின்றது.

திறந்திருந்த கொல்லைக் கதவின் மேல்விளிம்பில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. கறுத்த பாதங்கள். உருகிய செருப்பு தோலோடு ஒட்டியிருந்தது. முன்பு ஏணி இருந்த இடம். இப்போது வெறும் காற்று. அதில் ஊன்றி நின்றன. அசையவில்லை. அவள்தான் அசையாதே என்றிருந்தாளே.

காத்திருந்தன.

எதெல்வினா டிவியை அணைத்தாள்.

“போதும் ருத்தி,” என்றாள். “இறங்கி வா.”